தட்டிப் பார்க்காத கொப்பு

எங்கள் மாடிக்குடியிருப்பின் வாட்சப் குழுவில் மூன்று நாட்களாக ஒரு வேப்பமரத்துக்காக அடிபாடு நடக்கிறது. மரம் எங்கள் வாசலுக்கு வெளியே, வீதியோரத்தில் நிற்கிறது. அதன் இலை காரின் கண்ணாடியில் விழுவது இரண்டாம் மாடிக்காரருக்குப் பிரச்சினை. நாலாம் மாடி அம்மாவுக்கு அது அம்மன் குடியிருக்கும் மரம். "அம்மன் இருக்கட்டும், காகம் ஏன் இருக்கவேணும்?" என்று இரண்டாம் மாடி எழுத, நாலாம் மாடியிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அதை நான் கடைசிவரை கேட்கவில்லை. பாதியிலேயே மரம் போய், ஒருவருடைய வளர்ப்பு சந்திக்கு வந்துவிட்டது. நேற்றுக் காலை யாரோ நல்ல மனிதர் கேட்டிருந்தார்: "எங்கட பில்டிங்கில மரத்தைப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருக்கினமோ?"

நான் இருக்கிறேன். ஆனால் பதில் போடவில்லை. தொலைபேசியைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

மரங்களை எல்லோருக்கும் பிடிக்கும் என்றுதான் நீங்களும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எல்லோருக்கும் பிடிப்பது அடுத்தவர் வாசலில் நிற்கும் மரம். தன் வாசலில் நிற்கும் மரத்தின்மீது ஒரு மனிதன் எவ்வளவு வன்மம் வைத்திருக்க முடியும் என்பதை என் இருபத்துநாலாவது வயதில் தெரிந்துகொண்டேன். விவசாயம் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு, கொழும்பில் வீதியோர மரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கந்தோரில் ஒப்பந்த வேலை கிடைத்தது. கந்தோரின் பெயர் வேண்டாம். முறைப்பாட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய், மரத்தைச் சுற்றிப் பார்த்து, அடியோடு வெட்டுவதா, ஆபத்தான கொப்பை மட்டும் கழிப்பதா, அப்படியே விட்டுவிடுவதா என்று எழுதிக்கொடுக்க வேண்டும். என் அறிவைப் பார்த்து என்னை எடுக்கவில்லை. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வருகிற தமிழ்க் கடிதங்களை வாசிக்க அங்கே ஆளில்லாமல் இருந்தது.

அம்மா உறவினர்களிடம் "பிள்ளை என்வயர்மென்டில வேலை செய்யுது" என்று சொல்லுவார். மரம் வெட்டுற கந்தோர் என்றால் கலியாணப் பேச்சு வராதாம். என்வயர்மென்ட் என்று சொல்லியும் வரவில்லை, அது வேறு கதை.

அந்தக் கடிதங்களின் தமிழ் மிகவும் மரியாதையான தமிழ். 'மேற்படி மரத்தினால் எமது குடும்பத்திற்கு நேர்ந்துவரும் சொல்லொணாத் துயரைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்' என்று தொடங்கும். போய்ப் பார்த்தால், துயர் என்பது காயப்போட்ட சாரத்தில் விழுந்த ஒரு மசுக்குட்டிப் புழுவாக இருக்கும். கொட்டாஞ்சேனையில் ஒருவர் கழிவு எண்ணெயை வேரில் ஊற்றிவிட்டு, மரம் பட்டுப்போகிறது, உடனே அகற்றவும் என்று எழுதியிருந்தார். எண்ணெய் டின் அவருடைய வாசற்படியிலேயே இருந்தது. ஹெவ்லொக் டவுனில் ஒரு மரத்தை அளந்துகொண்டு நின்றபோது, வெட்டத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, மேல்மாடியிலிருந்து ஒரு பெண்மணி உடுப்புத் தோய்த்த தண்ணீரை என் தலையில் ஊற்றினார். அதே வீதியில் அடுத்த கிழமை, ஏன் இன்னும் வெட்டவில்லை என்று கேட்டு ஒருவர் படலையை அடித்துச் சாத்தினார். அந்தத் தண்ணீரில் வந்த சவர்க்கார வாசம் இன்னும் நினைவிருக்கிறது. அந்த வகைச் சவர்க்காரம் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை.

இப்படியே ஒரு வருடம் போனால் என்ன ஆகும்? நானும் முறைக்கப் பழகினேன். ஒரு வீட்டு மணியை அடிக்கும்போதே, கதவைத் திறக்கப்போகிறவரை வெறுக்கத் தொடங்கிவிடுவேன்.

கந்தோரில் ஒரு மரச்சுத்தியல் தந்திருந்தார்கள். அதுதான் எங்கள் ஸ்டெதஸ்கோப். நல்ல மரத்தில் தட்டினால் சத்தம் இறுக்கமாக, சுருக்கென்று வரும். உள்ளே உக்கியிருந்தால் காலிப் பெட்டியைத் தட்டியதுபோலப் 'பொத்' என்று கேட்கும். எனக்கு எட்டும் உயரம்வரை நான் தட்டுவேன். அதற்கு மேலே கயிறு கட்டி ஏறித் தட்டுவது அன்ரனின் வேலை.

அன்ரன் முகத்துவாரத்துக்காரர். நாற்பதை நெருங்கிய மெலிந்த மனிதர். முன்பு கடலுக்குப் போனவர், அதனால் கயிறும் முடிச்சும் அவர் கையில் தானாக ஓடும். நாட்கூலி ஆள். வேலை இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் இல்லை. என்னை அவருக்குப் பிடிக்காது என்பதை முதல் நாளே மறைக்காமல் காட்டினார்.

"மிஸ் மரம் ஏறுவீங்களா?"

"இல்லை."

"அப்ப கீழ நின்னு எழுதுங்க. மேல என்ன இருக்குன்னு நான் சொல்லுறேன்."

பட்டம் வாங்கிய கையில் இருந்த பேனா அந்த இடத்தில் கொஞ்சம் சுட்டது. உண்மையைச் சொன்னால், அவர் சொல்வது எப்போதும் சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி குணரத்தினம் அங்கிள். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் அவருடைய வீடு. புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். வெள்ளவத்தையில் பழைய வீடுகளை இடித்து மாடிகள் எழுப்பத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. அவரும் தன் வீட்டை இடித்து ஆறு மாடி கட்டப்போகிறார் என்று கதை. அவருடைய படலைக்குப் பக்கத்தில், வீதியோரத்தில், ஒரு பெரிய மாரா மரம், தூங்குமூஞ்சி மரம் என்பார்களே, அது. அதன் ஒரு கொப்பு ஒழுங்கைக்குக் குறுக்கே நீண்டு அடுத்த பக்கத்து மதில்வரை போயிருந்தது. கொப்பு ஆபத்தானது, ஆகவே மரத்தை வேரோடு அகற்றவேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். அந்த 'ஆகவே'யில்தான் எனக்குச் சந்தேகம்.

முதல்முறை போனபோது அவர் படலையைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு ஊடாகவே கதைத்தார்.

"உம்மையோ அனுப்பினவங்கள்? வேற ஆம்பிளை ஒருத்தரும் இல்லையோ?"

"நான்தான் அங்கிள் இந்தப் பகுதிக்குப் பொறுப்பு."

"எந்த ஊர் காணும் நீர்? அப்பா என்ன செய்யிறார்?"

"மரத்தைப் பார்க்க வந்தனான் அங்கிள். அப்பாவைப் பார்க்கவேணும் எண்டால் பிறகு கூட்டிக்கொண்டு வாறன்."

இதைச் சொல்லிவிட்டு எனக்கு உள்ளூர ஒரே புளுகம், துள்ளவேண்டும்போல இருந்தது. அந்தப் புளுகம் கந்தோர் போய்ச் சேரும்வரைதான். அதற்குள் அவர் எங்கள் பொறுப்பதிகாரி ஜயந்த சேருக்குத் தொலைபேசி எடுத்து, படிப்பில்லாத ஒரு பெட்டை வந்து தன்னை அவமரியாதை செய்ததாகச் சொல்லியிருந்தார். சேர் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டு ஏசினார். பொதுமக்களிடம் வாய் காட்டுவதற்கு இங்கே சம்பளம் தருவதில்லை என்றார். பக்கத்து மேசைக்காரி கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டாம்முறை அன்ரனோடு போனேன். மரத்தின் கீழே சுனிலின் த்ரீவீலர் நின்றது. சுனில் அந்த ஒழுங்கையிலேயே இருந்த நேர்சரிக்கும் வெளியே பள்ளிக்கும் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். சிங்களவர். பிள்ளைகளிடம் கற்றுக்கொண்ட தமிழைப் பிள்ளைகளைப் போலவே பேசுவார். எனக்கு வழிவிட வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மிஸ், மரம் வெட்ட வேணாம். இங்க மட்டும்தான் நிழல். பபாலாவுக்கு வெயில் சுடுது." பபாலா என்றால் சிங்களத்தில் குழந்தைகள்.

நான் தண்டைத் தட்டினேன். இறுக்கமான, நல்ல சத்தம். அன்ரன் தலையை நிமிர்த்தி, கொப்பு பிரிகிற கவட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், அங்க காளான் மாதிரி ஒண்ணு இருக்கு. பாத்தீங்களா? ஏறித் தட்டிப் பாத்துட்டு வாறேன்."

அந்த நேரம் பார்த்து குணரத்தினம் அங்கிள் மேல்மாடி விறாந்தையில் தோன்றினார். கையில் தேநீர்க் கோப்பை.

"எழுதும், எழுதும். உம்மட பெரியவரோட நான் கதைச்சிட்டன். வெட்டச் சொல்லி எழுதும்."

எனக்குக் காது சூடேறியது. அன்ரன் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"தேவையில்லை," என்றேன்.

"கொஞ்ச நேர வேலை மிஸ்."

"எனக்குத் தெரியும். ஏறாதை... இல்லை, விடுங்கோ. போவம்."

அன்ரன் கயிற்றைத் திரும்பச் சுற்றினார். கந்தோருக்குப் போய் என் கையாலேயே தமிழில் பதில் எழுதினேன். மரம் ஆரோக்கியமானது. குறிப்பிட்ட கொப்பு உறுதியாக உள்ளது. தட்டிப் பார்க்கப்பட்டது. அகற்றத் தேவையில்லை. அந்த மூன்றாவது வசனத்தை எழுதும்போது என் கை நடுங்கியிருந்தால் இப்போது உங்களிடம் பெருமையாகச் சொல்லலாம். நடுங்கவில்லை. அந்தக் கடிதத்தை அவர் பிரித்து வாசிக்கும்போது முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்து மகிழ்ந்தேன். அன்று பின்னேரம் காலி வீதியில் இறங்கி ஒரு ஃபலூடா வாங்கிக் குடித்தேன். பிறகு, சுனிலின் நிழலுக்காகத்தான் அப்படி எழுதினேன் என்று எனக்கே பல நாள் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்.

மூன்று கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் நாள் முழுவதும் மழை. அன்று காலையில் மழை விட்டிருந்தது, காற்றுக்கூட இல்லை. காற்றில்லாத நாளில் கொப்பு விழாது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மழைத் தண்ணீரைக் குடித்த இலைகளின் பாரமே போதும், கவடு உக்கியிருந்தால். பதினொரு மணிக்குப் பிறகு கந்தோருக்குத் தொலைபேசி வந்தது. ஒழுங்கையின் பெயரைக் கேட்டதும் நான் எழும்பிவிட்டேன்.

நான் போனபோது ஒழுங்கை முழுவதும் பச்சை. இலைகளுக்குள் கால் புதைந்தது. கொப்பு த்ரீவீலரின்மேல் விழுந்திருந்தது. நேர்சரி விடுவதற்காக சுனில் உள்ளே காத்துக்கொண்டிருந்திருக்கிறார். பிள்ளைகள் ஏறுவதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்திருக்கிறது. அவரை அப்போதுதான் வெளியே எடுத்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே பார்க்க முடியவில்லை. கத்தவில்லை, சிங்களத்தில் தண்ணீர் மட்டும் கேட்டார்.

கொப்பின் முறிந்த முனை எனக்கு நேரே இருந்தது. ஈரத்தில் ஊறிய ரஸ்க் போல, கபில நிறத்தில், விரலால் தொட்டாலே உதிர்ந்தது. புளித்த வாசம். எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன.

குணரத்தினம் அங்கிள் சாரத்தோடு நின்றார், மேலுக்கு ஒன்றும் இல்லை. த்ரீவீலரின் தகரத்தை வெறுங்கையால் பிடித்து வளைத்தவர் அவர்தானாம். இரண்டு உள்ளங்கைகளும் கிழிந்து இரத்தம் முழங்கைவரை வழிந்திருந்தது. தான் சொன்னதுதான் சரி என்பார், சிரிப்பார், ஊரைக் கூட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் மெல்ல என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்:

"தட்டிப் பாத்தது எண்டு எழுதியிருந்தீர். தட்டிப் பாத்தனீரோ?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் பதில் எழுதியிருந்திருக்க வேண்டும். காறி என் காலடியில் துப்பிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் விசாரணை. ஜயந்த சேரும் இன்னும் இரண்டு பேரும் மேசைக்கு அந்தப் பக்கம். உயரத்தில் இருக்கும் கொப்பைத் தட்டுவது யார் என்று சேர் கேட்டார்.

"வழமையா அன்ரன்தான் ஏறுறவர்," என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் அதைப் போலொரு பொய்யை நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. சேர் எழுதிக்கொண்டார். அன்ரனை அவர்கள் கூப்பிட்டுக் கேட்கவேயில்லை. நாட்கூலி ஆளை நிறுத்தக் கடிதம் தேவையில்லை, கூப்பிடாமல் விட்டால் போதும். களஞ்சியத்தில் அவருடைய கயிறு சுற்றிய மாதிரியே கிடந்தது.

நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பஸ் பிடித்து முகத்துவாரம் போனேன். களனி கங்கை கடலில் விழும் பக்கமாக நெருக்கமாக வரிசை வீடுகள். பூசை முடிந்து வருகிறவர்களிடம் விசாரித்துக் கண்டுபிடித்தேன். அன்ரனின் மனைவி ஸ்டெல்லா வாசலில் குந்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் கத்தியைக் கீழே வைக்காமலே எழும்பினார்.

"உள்ள வராதீங்க மிஸ்."

"அன்ரன் இருக்கிறாரோ?"

"பேலியகொடைக்குப் போயிருக்காரு. மீன் பெட்டி தூக்க. ஒங்க புண்ணியத்துல." கத்தியின் நுனியில் செதில் ஒட்டியிருந்தது. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவரு ஏறிப் பாக்குறேன்னு சொன்னாரா, இல்லையா?"

"சொன்னவர்."

"யாரு வேணாம்னது?"

"நான்தான்."

"அப்ப அத அங்க போயிச் சொல்லுங்க. இங்க வந்து எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? மனசு லேசாகணும்னா கோயிலுக்குப் போங்க."

கதவை அடித்துச் சாத்தவில்லை. குந்தியிருந்து மீனைத் தொடர்ந்து வெட்டினார். நான் அங்கே இல்லாததுபோல. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை எல்லாவற்றையும் எழுதி ஜயந்த சேரிடம் கொடுத்தேன். அவர் இரண்டுமுறை வாசித்தார். நல்லவராக மாறி, உனக்கென்ன பைத்தியமா, இன்னும் ஒரு மாதத்தில் அவனைத் திரும்ப எடுத்துவிடுவேன், இதைக் கிழித்துப் போடு என்றார். நான் கிழிக்கவில்லை. அதன்பிறகு அவர் நல்லவராக இருக்கவில்லை. கந்தோரின் மானத்தைக் கெடுத்தவள் என்று ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. பழைய கோப்புகள் இருந்த, காற்றாடி இல்லாத அறையில் என்னை உட்கார வைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் போகச் சொன்னார்கள். அன்ரனைத் திரும்ப எடுத்தார்கள்.

சுனிலையும் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். ஒரு காலை எடுக்கவேண்டி வந்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஏதோ ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்து, முகம் மலர்ந்து, "எந்த பபாட அக்கா?" என்று கேட்டார். ஓம் என்று ஏதாவது ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லியிருக்கலாம், நாக்கின் நுனிவரை வந்தது. சொல்லவில்லை. நான் யார், என்ன எழுதினேன், என்ன செய்யவில்லை என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் முடியும்வரை கேட்டார். பிறகு பக்கத்தில் நின்ற தாதியைப் பார்த்து, "மே நோனாட்ட யன்ன கியன்ன" என்றார். இந்த அம்மாவைப் போகச் சொல்லுங்கள். தாதி போகச் சொல்ல முன்னமே நான் நடக்கத் தொடங்கிவிட்டேன். வாங்கிக்கொண்டு போன தோடம்பழப் பை என் கையிலேயே திரும்பி வந்தது.

மன்னிப்புக் கேட்டால் மன்னித்துவிடுவார்கள் என்று எங்கேயோ படித்து வைத்திருந்தேன். அப்படியெல்லாம் நடக்கவில்லை. நடக்காததில் ஒரு நியாயமும் இருந்தது.

அந்த மாரா மரத்தை அதே மாதம் அடியோடு வெட்டினார்கள். கோப்பறையில் இருந்ததால் அந்த அறிக்கையும் என் கைக்கே வந்தது. அடித்தண்டில் எந்தப் பழுதும் இல்லை என்று எழுதியிருந்தது. அந்த ஒரு கொப்பை அளவாகக் கழித்திருந்தால் மரமும் நின்றிருக்கும், சுனிலும் நடந்திருப்பார். குணரத்தினம் அங்கிள் கேட்டதற்கும் நான் எழுதியதற்கும் நடுவில்தான் சரியான பதில் இருந்தது. அதைத் தட்டிப் பார்க்க அன்ரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டும் நின்றார்.

அன்ரனைப் பிறகு ஒரே ஒருமுறை கண்டேன். பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு மரத்தின் உச்சியில் நின்றார். என்னைக் கண்டது நிச்சயம். "கீழ ஆள் வருது, ஒதுங்கச் சொல்லு!" என்று வேலையாளிடம் கத்தினார். எல்லோருக்கும் கத்துவதுபோலத்தான். ஒதுங்கினேன். குணரத்தினம் அங்கிளை மரக்கறிக் கடையில் சந்தித்தேன். "நீர் போய் உண்மையைச் சொன்னதாக் கேள்விப்பட்டன். அது சரி," என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஆனா நான் உம்மோட கதைக்கமாட்டன்," என்று கத்தரிக்காயைப் பொறுக்கத் திரும்பிவிட்டார்.

இன்று காலை அந்த ஒழுங்கைப் பக்கம் நடந்து போனேன். மாராவின் வேர்கள் நடு வீதியில் தாரை முதுகுபோலத் தூக்கி வைத்திருந்த காலத்தில், அந்த இடத்தில் எல்லா வாகனமும் மெதுவாகும். இப்போது செப்பனிட்டு மட்டமாக்கிவிட்டார்கள். சர்ரென்று போகிறார்கள். அங்கிள் ஆறு மாடி கட்டி விற்றுவிட்டுப் பிள்ளைகளிடம் கனடா போய், அங்கேயே காலமாகிவிட்டாராம். சுனில் தமக்கையோடு குருநாகல் பக்கம் போனார் என்று சொன்னார்கள். நேர்சரி இருந்த வீடும் இல்லை. பத்து மணி வெயில் தாரில் நேராக விழுந்துகொண்டிருந்தது. புதிய மாடியின் காவலாளி கதிரையை நிழலுக்கு இழுத்துப் போட இடம் தேடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மரியாதையாக எழும்பி, யாரைத் தேடுகிறீர்கள் மேடம் என்று கேட்டார்.

அந்த ஒழுங்கையில் என் காலடியில் துப்புவதற்கு உரிமையுள்ள ஒருவர்கூட இப்போது இல்லை.